நாட்சம்பளத்தை நாணயமாற்று வீதத்தோடு கட்டுங்கள்

2021 மார்ச் மாதத்தில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. ஐந்தாறு வருடப் போராட்டத்துக்குப் பின் கிடைத்த ஆயிரம் அது. அப்போது ஒரு டொலர் 200 ரூபாவுக்குச் சற்றுக் கீழே நின்றது. ஆகவே ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் வேலைக்கு, ஐந்து டொலர். பதினான்கு மாதங்கள் கழித்து, 2022 மே மாதத்தில், டொலர் 360 ரூபாவைத் தொட்டது. தொழிலாளியின் சம்பளச் சிட்டையில் ஒரு சதமும் குறையவில்லை. தோட்டத்துரை எந்தத் துண்டிலும் கையெழுத்து வைக்கவில்லை, சம்பள நிர்ணய சபை கூடவில்லை, தொழிற்சங்கங்களை எவரும் பேச்சுக்கு அழைக்கவில்லை. ஆனால் அதே பேர் இரண்டே முக்கால் டொலராகச் சுருங்கிவிட்டது. இரத்தினபுரியிலும் கேகாலையிலும் நூற்றைம்பது வருடமாகத் தோட்ட மக்களின் வருமானத்தை வெட்டியதில் கங்காணியைவிட, கம்பனியைவிட, நாணயமாற்று வீதத்துக்கே பங்கு அதிகம் என்பது என் கருத்து. அந்த வீதத்தைச் சம்பளக் கணக்குக்குள் கொண்டுவராத எந்த ஒப்பந்தமும் கையெழுத்தாகும் நாளிலேயே கரையத் தொடங்கிவிடுகிறது.

தொழிலாளி டொலரிலா சாமான் வாங்குகிறார் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். எட்டியாந்தோட்டையிலோ இறக்குவானையிலோ கடைக்காரர் டொலர் கேட்பதில்லை. ஆனால் லயத்துக் குசினியில் காலையில் சுடும் ரொட்டிக்கான கோதுமை இந்த நாட்டில் விளைவதே இல்லை; முழுவதும் கப்பலில் வருகிறது. பருப்பும் அப்படித்தான். பால்மாவும் பெரும்பாலும் அப்படித்தான். மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாவாக இருந்தது, 2022 ஆகஸ்ட் 22ஆம் திகதி ஒரே நாளில் 340 ரூபா ஆனது. அடுத்த மாதம் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். நகரத்துச் சம்பளக்காரர் ஒருவரின் செலவில் உணவு ஒரு பகுதி. தோட்டக் குடும்பத்தில் அது மிகப் பெரிய பகுதி, அதிலும் இறக்குமதிப் பண்டம் கூடுதல். வீட்டுத் தோட்டத்துக்கும் இடமில்லாத லயத்து வாழ்க்கையில் மாவு விலை ஏறினால் ஒதுங்கிக்கொள்ள வழி கிடையாது. டொலரில் சம்பளம் வாங்காதவர்தான், ஆனால் டொலரில் சாப்பிடுகிறவர்.

மறுபக்கத்தைப் பாருங்கள். அந்தத் தொழிலாளி பறித்த கொழுந்து தேயிலையாகி விற்பது டொலருக்கு. இந்த நாட்டின் தேயிலையில் மிகப் பெரும் பங்கு ஏற்றுமதியாகிறது. சப்ரகமுவவின் தாழ்நிலத் தேயிலைக்கு ஈராக்கிலும் துருக்கியிலும் ரஷ்யாவிலும் தனிக் கிராக்கி. கொழும்பு ஏலத்தில் 2021இல் ஒரு கிலோவின் சராசரி விலை 619 ரூபா அளவில் இருந்தது. 2022இல் அது 1,200 ரூபாவைத் தாண்டியது. இதை வைத்து ஓர் எளிய கணக்குப் போடலாம். 2021இல் ஒரு நாட்சம்பளம் ஒன்றரைக் கிலோவுக்கு மேற்பட்ட தேயிலையின் விலை. 2022இல் அதே சம்பளம் ஒரு கிலோவின் விலைக்கும் கீழ். பறிப்பவரின் நாள் மாறவில்லை, கூடையின் எடை மாறவில்லை. அந்த நாளுக்கு ஈடாகும் தேயிலைதான் பாதியாகியது. டொலர் கணக்கிலும் அந்த வருடம் விலை கூடியே இருந்தது, ஏனெனில் 2021இன் இரசாயன உரத் தடையால் விளைச்சல் விழுந்து சந்தையில் தேயிலை குறைந்திருந்தது. விளைச்சல் விழுந்ததால் தொழிலாளிக்கு அரைப் பேர் போட்ட நாட்களும் பெருகின என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2022இன் பொருளாதார நெருக்கடி எல்லோரையும் ஒரே மாதிரி அடித்தது என்ற பேச்சை இந்தக் கணக்குக்குப் பிறகு ஏற்க முடியாது.

இது 2022இல் மட்டும் நடந்த விபத்தல்ல. 1870களில் இலங்கையின் ரூபா இந்தியாவின் வெள்ளி ரூபாவேதான். 1872இல் இங்கே அது நூறு சதமாகப் பிரிக்கப்பட்டதுதான் வேறுபாடு. அந்தத் தசாப்தத்தின் தொடக்கத்தில் ஒரு ரூபா இரண்டு ஷில்லிங்குக்குச் சற்றுக் கீழே நின்றது. ஐரோப்பிய நாடுகள் ஒவ்வொன்றாகத் தங்கத்துக்கு மாற, வெள்ளியின் விலை விழுந்தது, ரூபாவும் கூடவே விழுந்தது. 1890களின் நடுவில் ஒரு ரூபா ஒரு ஷில்லிங்கும் சில்லறைப் பென்சுமாகிவிட்டது. லண்டனில் ஒரு ஷில்லிங்குக்குத் தேயிலை விற்ற தோட்டக்காரர் முன்பு அரை ரூபாவை ஒட்டிய தொகை பெற்றார். அப்போதோ அதே ஷில்லிங்குக்கு ஏறத்தாழ தொண்ணூறு சதம் பெற்றார். கோப்பி நோயில் அழிந்த மலைகளிலும், களனிப் பள்ளத்தாக்கின் புதிய காடுவெட்டிய சரிவுகளிலும் தேயிலை இவ்வளவு வேகமாகப் பரவியதற்கு மண்ணும் மழையும் காரணம் என்பார்கள். வெள்ளியின் வீழ்ச்சியும் காரணம். ஏனெனில் வரவு ஷில்லிங்கில், செலவின் பெரும்பகுதியான கூலி ரூபாவில். ஓர் ஆண் தொழிலாளியின் நாட்கூலி அந்தக் காலம் முழுவதும் மூன்றிலொரு ரூபா அளவிலேயே அசையாமல் கிடந்தது.

இங்கே எதிர்வாதம் ஒன்றுக்கு இடமுண்டு, அதை மறைப்பது நேர்மையல்ல. அன்றைய தொழிலாளியின் அரிசி இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்தது. அங்கும் அதே வெள்ளி ரூபா. திருச்சியிலும் புதுக்கோட்டையிலும் சேலத்திலும் இருந்த தாய் தகப்பனுக்கு மணியோடரில் அனுப்பிய காசும் அதே ரூபாதான். ஆகவே லண்டனுக்கு எதிராக ரூபா விழுந்தபோது தொழிலாளியின் தட்டில் சோறு அந்த அளவுக்குக் குறையவில்லை. விற்பனைப் பணத்தில் அவருக்கிருந்த பங்குதான் குறைந்தது. இந்த ஒற்றை ரூபா ஒரு காப்பாகவே இருந்தது. 1884ஆம் வருடத்தில் ஓரியண்டல் வங்கி முறிந்து, அரசாங்கமே நோட்டு வெளியிடத் தொடங்கிய பின்பும் இலங்கை ரூபாவும் இந்திய ரூபாவும் ஒன்றுக்கு ஒன்று. 1950இல் மத்திய வங்கி பிறந்த பின்பும் அப்படித்தான். அதற்கு முந்திய வருடம் பிரிட்டிஷ் பவுண் வீழ்ந்தபோது இரண்டு ரூபாக்களும் ஒன்றாகவே இறங்கி, டொலருக்கு 4.76 என்ற இடத்தில் நின்றன. இந்தியக் கரையிலிருந்த மண்டபம் முகாம் வழியாக வந்து போன மூன்று தலைமுறைக்கு இந்தச் சமவீதம் மூச்சுக் காற்றைப் போல, இருப்பதே தெரியாது. அதற்காக அதைப் பொற்காலம் என்று சொல்லவும் மாட்டேன். 1927ஆம் வருடச் சட்டத்தின் கீழ் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி, தாழ்நிலத்தில் ஆணுக்கு 50 சதம், பெண்ணுக்கு 40 சதம். இறப்பர் விலை சரிந்த 1930களின் தொடக்கத்தில் அந்தக் கூலியையும் வெட்டினார்கள். இறப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டு நின்று, ஆட்கள் கப்பலேறி ஊர் திரும்பினார்கள். சமவீதம் அனுப்பிய காசைக் காத்தது, வேலையைக் காக்கவில்லை.

அந்தக் காப்பும் 1966 ஜூன் 6ஆம் திகதி போனது. இந்தியா தன் ரூபாவை டொலருக்கு 4.76இலிருந்து 7.50க்கு இறக்கியது. இலங்கை கூட இறங்கவில்லை. ஒரே இரவில் ஓர் இலங்கை ரூபா ஒன்றரை இந்திய ரூபாவுக்கும் மேலானது. அடுத்த வருட நவம்பரில் பவுண் வீழ்ந்ததும் இலங்கையும் 5.95க்கு இறங்கியது, அப்போது ஓர் இலங்கை ரூபா ஏறத்தாழ ஒன்றேகால் இந்திய ரூபா. கொழும்பு வர்த்தகருக்கு இது இன்னொரு வீதம். தோட்டங்களில் இந்தியக் கடவுச்சீட்டுக்குப் பெயர் கொடுத்துக் காத்திருந்தவர்களுக்கோ இது தலைவிதி. 1964 அக்டோபர் 30ஆம் திகதி இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கென்று ஒதுக்கியது. அவர்கள் சேமலாப நிதியும் பணிக்கொடையும் உட்பட தங்கள் உடைமைகளை எடுத்துச் செல்லலாம். ஒரு குடும்பம் கொண்டுபோகக்கூடிய உச்ச வரம்பை 4,000 ரூபாவுக்குக் கீழே இலங்கை அரசு குறைக்கக் கூடாது. இதுதான் அதில் எழுதிய பாதுகாப்பு.

இந்த 4,000 ரூபாவைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். கையெழுத்திட்ட அன்று இலங்கை ரூபாவும் இந்திய ரூபாவும் சமம் என்பதால், எந்த நாட்டு ரூபாவில் பெறுமதி காக்கப்படும் என்ற கேள்வி எழவே இல்லை. 1966 ஜூனுக்குப் பின் உத்தியோக வீதத்தில் கணக்கிட்டால் அந்தத் தொகை 6,300 இந்திய ரூபா. 1967 நவம்பருக்குப் பின் ஏறத்தாழ 5,040. 1976 வாக்கில் மீண்டும் நாலாயிரத்தை ஒட்டிய இடம். 1977 நவம்பரில் ஜே.ஆர். ஜயவர்தனவின் அரசு ரூபாவை மிதக்க விட்டு, டொலருக்கு 16 என்று தொடங்கியது. இந்திய ரூபா அப்போது எட்டரை அளவில். அதே 4,000 இப்போது இரண்டாயிரத்து நூறு சொச்சம். ஒரே ஒப்பந்தத்தின் கீழ், ஒரே தோட்டத்தின் ஒரே லயத்திலிருந்து, அண்ணன் 1968இலும் தம்பி 1978இலும் தலைமன்னாரில் கப்பலேறியிருந்தால், ஒரே தொகையைக் கொண்டுபோயும் தம்பி இராமேஸ்வரத்தில் இறங்கும்போது அண்ணனின் பாதிக்கும் குறைந்த பணத்தோடு இறங்கியிருப்பார். வருடக்கணக்காகப் பால் வெட்டியும் கொழுந்தெடுத்தும் சேர்ந்த சேமலாப நிதிக்கும் அதே கதி. கடவுச்சீட்டு எப்போது வரும் என்பதைத் தீர்மானித்தவர்கள் அதிகாரிகள். தாமதத்தின் விலையைச் செலுத்தியவர்கள் நீலகிரியின் டேன்டீ அரசு தேயிலைத் தோட்டங்களிலும், கன்னியாகுமரியின் அரசு இறப்பர்த் தோட்டங்களிலும், கர்நாடகத்தின் சுள்ளியாவிலும் மறுபடி கூலியிலிருந்து தொடங்கியவர்கள். ஒரே ஒரு வரி, இந்தத் தொகை இன்ன திகதியின் இந்திய ரூபாப் பெறுமதியில் கணக்கிடப்படும் என்ற வரி, இதைத் தடுத்திருக்கும். இரண்டு அரசுகளின் நிபுணர்களும் அதை எழுதவில்லை. எழுதாமல் விட்ட அந்த வரியின் நட்டம் முழுவதும் தோட்ட மக்கள் தலையிலேயே விழுந்தது.

அப்படியானால் ரூபாவை ஒரு வீதத்தில் கட்டி வைத்தால் போதாதா என்று கேட்கலாம். இன்றும் நாணயச் சபை முறைக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்லும் பொருளியலாளர்கள் இருக்கிறார்கள். தோட்டங்களின் வரலாறு அதற்கும் பதில் வைத்திருக்கிறது. 1968 மே மாதத்தில் அரசு இரட்டை வீதத்தைக் கொண்டுவந்தது. அந்நியச் செலாவணி உரித்துச் சான்றிதழ் என்ற திட்டத்தின் கீழ் புதிய ஏற்றுமதிகளுக்கு உத்தியோக வீதத்தின் மேல் முதலில் 44 வீதமும், பின்பு 55 வீதமும், 1972 முதல் 65 வீதமும் கூடுதலாகக் கிடைத்தன. தேயிலை, இறப்பர், தெங்கு ஆகிய மூன்றுக்கும் அது கிடையாது. நாட்டுக்கு டொலர் கொண்டுவந்த பயிர்களின் வருமானமே குறைந்த வீதத்தில் மாற்றிக் கொடுக்கப்பட்டது. வரி என்ற பெயர் இல்லாத வரி அது. உரத்துக்கும் மறுநடுகைக்கும் தோட்டங்களில் பணம் வற்றியது, சம்பளம் தேங்கியது, 1973–74 பஞ்சத்தில் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் விழுந்தன. 1977இல் வீதம் திறந்தபோதோ, தேயிலையின் ரூபா விலை எகிறிய அந்த வாய்ப்பை ஏற்றுமதித் தீர்வையைக் கூட்டி அரசு எடுத்துக்கொண்டது. தோட்டங்களும் அப்போது அரசின் கையில். ஆண் பெண் சமசம்பளத்தோடு சொல்லத்தக்க உயர்வு தொழிலாளியை வந்தடைய 1984 ஏப்ரல் வேலைநிறுத்தம் வேண்டியிருந்தது. 2021இன் கடைசி மாதங்களிலும் இதே படம் திரும்ப ஓடியது: உத்தியோக வீதம் 200ஐச் சுற்றிக் கட்டிப்போடப்பட்டிருக்க, உண்டியல்காரர்கள் அதைவிட மிகக் கூடுதலாகக் கொடுத்தார்கள். செயற்கையாக உயர்த்திப் பிடித்தபோதும் தோட்டத் தொழிலாளி இழந்தார், கைவிட்டபோதும் இழந்தார். ஆகவே கோளாறு வீதம் எங்கே நிற்கிறது என்பதில் இல்லை. அந்நியச் செலாவணியில் விற்கும் பொருளுக்கு அசையாத ரூபாவில் கூலி பேசுவதில்தான் இருக்கிறது.

இந்தக் கோளாறைத் திருத்தும் வழியைத் தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. இரத்தினபுரி மாவட்டத்தில் கம்பனித் தோட்டத்தின் எல்லை வேலியைத் தாண்டினால் போதும். கலவானையிலும் நிவித்திகலையிலும் தெருவோரத்தில் கொழுந்து மூட்டைகளோடு லொறிக்குக் காத்திருக்கும் சிறுதோட்ட உரிமையாளர்களுக்கு மாதாமாதம் கொழுந்தின் விலையைச் சூத்திரம் ஒன்று தீர்மானிக்கிறது. தொழிற்சாலையின் தேயிலை ஏலத்தில் பெற்ற சராசரி விலையில் 68 வீதம் கொழுந்து கொடுத்தவருக்கு, 32 வீதம் தொழிற்சாலைக்கு. தேயிலை ஆணையாளர் அதைக் கண்காணிக்கிறார். ரூபா விழுந்தால் ஏல விலை ஏறும், ஏல விலை ஏறினால் அந்த மாதமே கொழுந்து விலையும் ஏறும். 2022இல் அப்படித்தான் கொழுந்து விலை கிலோவுக்கு 200 ரூபாவைத் தாண்டியது. உரமும் இல்லாமல் திண்டாடிய அந்த வருடத்தில் பல சிறுதோட்டக் குடும்பங்களைக் கரை சேர்த்தது அந்தச் சூத்திரம்தான். வேலியின் இந்தப் பக்கமும் அதே தேயிலைதான், அதே மழைதான், போய்ச் சேர்வதும் அதே கொழும்பு ஏலத்துக்குத்தான். ஆனால் பதினாறோ பதினெட்டோ இருபதோ கிலோ நிறைக்கு எடுத்த பெண்ணுக்கு அன்று ஆயிரம் ரூபா. டொலர் 200 ஆனாலும் ஆயிரம், 360 ஆனாலும் ஆயிரம். சிறுதோட்ட உரிமையாளர் தன் செலவுகளைத் தானே சுமக்கிறார், நட்டத்தையும் தானே சுமக்கிறார் என்பது உண்மை. ஆகவே 68 வீதத்தை அப்படியே தொழிலாளிக்குக் கேட்பது பொருந்தாது. சூத்திரம் வைத்துப் பங்கு பிரிப்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்ற பேச்சுக்குத்தான் இனி இடமில்லை. அது பல்லாண்டாக அரசின் மேற்பார்வையில், மாதந்தோறும், பக்கத்து நிலத்திலேயே நடந்துகொண்டிருக்கிறது.

கம்பனிகள் சொல்வதையும் கேட்போம். உரம் டொலரில், டீசல் டொலரில், இயந்திர உதிரிப்பாகங்கள் டொலரில், ரூபா விழுந்தால் எங்கள் செலவும் ஏறுகிறது என்கிறார்கள். ஏறுகிறதுதான். ஆனால் தேயிலை உற்பத்திச் செலவில் பெரும்பங்கு சம்பளம் என்று ஒவ்வொரு சம்பளப் பேச்சிலும் கம்பனிகளே மேசையில் வைக்கின்றன. அந்தப் பெரும்பங்கு ரூபாவில் உறைந்து கிடக்க, எஞ்சிய பகுதி மட்டும் டொலரோடு ஏறுகிறது. வரவோ முழுவதும் ஏறுகிறது. உரச் செலவைக் கழித்துவிட்டுச் சூத்திரம் போடுங்கள் என்றால் அதற்கும் தடையில்லை, கணக்கைத் திறந்து வைத்தால் போதும். விளைதிறனைக் கூட்டாமல் சம்பளத்தைக் கூட்ட முடியாது என்பது அடுத்த வாதம். விளைதிறன் பேச வேண்டிய விடயந்தான், ஆனால் 2021க்கும் 2022க்கும் இடையில் தொழிலாளியின் கை பாதியாக மெதுவாகவில்லை. வீதத்தால் இழந்ததை விளைதிறனால் ஈடுகட்டச் சொல்வது, ஒருவர் எடுத்த கடனை இன்னொருவர் தலையில் எழுதுவது. சம்பளத்தைச் சுட்டெண்ணோடு கட்டினால் பணவீக்கம் சுழன்று ஏறும் என்ற மத்திய வங்கித் தரப்பின் அச்சம் இவற்றைவிடக் கனமானது. நாடு முழுவதும் எல்லாச் சம்பளத்துக்கும் அப்படிச் செய்தால் அந்த அச்சம் சரி. தேயிலையில் அது செல்லாது. இந்தச் சம்பளம் உள்நாட்டு விலையில் ஏற்றப்படுவதில்லை. வெளிநாட்டார் கொடுக்கும் டொலரிலிருந்து, ஏற்கனவே கூடிவிட்ட ரூபா வரவிலிருந்து கொடுக்கப்படுகிறது. புதிதாக நோட்டு அடிக்க வேண்டிய தேவை எழவில்லை, கூடியதைப் பிரிக்க வேண்டிய தேவைதான் எழுகிறது. சம்பள நிர்ணய சபையின் பழைய முறையில் அடிப்படைச் சம்பளத்தோடு வாழ்க்கைச் செலவுச் சுட்டெண்ணை ஒட்டிய படியும் இருந்தது. பிந்திய கூட்டு ஒப்பந்தங்களில் விலைப் பங்குக் கொடுப்பனவு என்ற ஒன்றும் இருந்தது: 2016இல் 30 ரூபா, 2019இல் 50 ரூபா. விலையில் தொழிலாளிக்குப் பங்குண்டு என்பதைக் கம்பனிகள் கையெழுத்திட்டே ஒப்புக்கொண்டிருந்தன. அந்தப் பங்கையும் அசையாத எண்ணாக எழுதியதுதான் பிழை.

ரூபா பலம் பெற்றால் சம்பளத்தைக் குறைப்பீர்களா என்ற கேள்விக்கும் நேராகப் பதில் சொல்ல வேண்டும். கேள்வி கற்பனையல்ல. 2022 இறுதியில் 363 அளவில் இருந்த டொலர் 2024 இறுதியில் 293 அளவுக்கு இறங்கியது. அடிப்படைச் சம்பளம் எக்காரணம் கொண்டும் இறங்கக் கூடாது. அன்றாடம் காய்ச்சும் குடும்பத்தால் அந்த ஆட்டத்தைத் தாங்க முடியாது. அதன் மேல் வீதத்தை ஒட்டிச் சேர்க்கும் வீதப்படி மட்டும் ஏறவும் இறங்கவும் வேண்டும், அதுவும் ஒரு மாத விலையை வைத்தல்ல, ஆறு மாதச் சராசரியை வைத்து. இறங்குவதைத் தொழிலாளர் ஏற்கமாட்டார்கள் என்று தொழிற்சங்கத் தலைவர்கள் தயங்குகிறார்கள். வேலிக்கு அப்பாலுள்ள சிறுதோட்டக்காரர் விலை இறங்கும் மாதங்களை ஏற்றுக்கொண்டே வாழ்கிறார், ஏனெனில் ஏறும் மாதத்தில் தன் பங்கு தானாக வரும் என்பது அவருக்குத் தெரியும். தோட்டத் தொழிலாளிக்கு இதுவரை இறக்கம் மட்டும் தானாக வந்தது. ஏற்றத்துக்கு ஒவ்வொரு முறையும் தெருவில் இறங்க வேண்டியிருந்தது. இதில் சப்ரகமுவத் தோட்ட மக்களுக்குத் தனிக் கஷ்டமும் உண்டு. நுவரெலியாவைப் போல இங்கே அவர்கள் செறிந்து வாழவில்லை. பலாங்கொடை, காவத்தை, தெரணியகல, எட்டியாந்தோட்டை என்று சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறியிருக்கிறார்கள். தனித்து நின்று சம்பளத்துக்காக மறியல் செய்யும் பலமும் இல்லை, பாராளுமன்றத்தில் குரலும் மெலிவு. போராட்ட பலத்தைப் பொறுத்துச் சம்பளம் ஏறும் முறை அவர்களுக்கே முதலில் பாதகம். சூத்திரத்துக்கு ஆள் செறிவு தேவையில்லை.

2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா ஆனது. அன்றைய வீதத்தில் நான்கரை டொலர், ஏலச் சராசரி 1,200ஐ ஒட்டியிருந்த நிலையில் ஒரு கிலோ தேயிலையின் விலைக்குச் சற்று மேல். 2026 வரவு செலவுத் திட்டத்தில் அது 1,750 ரூபா என்று அறிவிக்கப்பட்டது: அடிப்படைச் சம்பளம் 1,550, அரசு கொடுக்கும் வருகை ஊக்கப்படி 200. கூட்டினால் ஐந்தே முக்கால் டொலர். 2021 மார்ச்சின் ஐந்து டொலருக்கு மேல் முக்கால் டொலர் ஏற ஏறத்தாழ ஐந்து வருடம் எடுத்திருக்கிறது. அதிலும் ஒரு பகுதி தேயிலை விற்ற பணத்திலிருந்து வராமல், அதே தொழிலாளி மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் கட்டும் வரியும் சேர்ந்த திறைசேரியிலிருந்து வருகிறது. இந்த 1,750ஐ நான் குறை சொல்லவில்லை, கிடைத்தது கிடைத்ததே. ஆனால் இதில் வீதத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அடுத்த முறை டொலர் 400ஐத் தொட்டால் இந்தத் தொகை நாலே கால் டொலருக்கும் சற்று மேலே போய் நிற்கும், மறுபடி ஆயிரத்தில் தொடங்கிய கதையே தொடங்கும்.

தேயிலைக்கும் இறப்பருக்குமான சம்பள நிர்ணய சபைகள் அடுத்த வர்த்தமானியிலேயே இதை எழுதலாம். கையெழுத்திடும் மாதத்தின் மத்திய வங்கி வீதத்தையும், கொழும்பு ஏலத்தின் சராசரி விலையையும் அடிப்படை எண்களாகப் பதிய வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை இரண்டையும் மறுபடி பார்த்து, ஏல விலையின் ரூபா ஏற்றத்தில் ஒரு நிலையான பங்கை வீதப்படியாகச் சேர்க்க வேண்டும். எவ்வளவு பங்கு என்பதைத்தான் கம்பனிகளும் சங்கங்களும் பேசித் தீர்க்க வேண்டும். அந்தப் படிக்கும் சேமலாப நிதி கழிக்கப்பட வேண்டும், இல்லையேல் ஓய்வு பெறும்போது மீண்டும் பழைய ரூபாவே கையில் மிஞ்சும். இரண்டு எண்களும் ஏற்கனவே வெளியாகின்றன: ஏல விலை வாராவாரம், மத்திய வங்கி வீதம் வேலை நாட்களில் எல்லாம். அவற்றைப் பேர்ப் புத்தகத்தின் முதல் பக்கத்தில், தமிழிலும் சிங்களத்திலும் எழுதி மஸ்டர் களத்தில் தொங்கவிட ஒரு கணக்குப்பிள்ளை போதும்.